வியர்வையும் வாடையும்: இயற்கை டியோடரன்டுக்கு மாறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இயற்கை டியோடரன்டுக்கு மாறுகிறவர்களில் பலர் ஓரிரு வாரத்திலேயே மனம் வெறுத்துப் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "ஒன்றும் பிரயோஜனமில்லை, அக்குள் நனைந்துகொண்டே இருக்கிறது" என்பார்கள். அக்குளை உலர்வாக வைத்திருப்பதாக அந்தப் பொருள் ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை. வியர்வையை நிறுத்துவது ஒரு வேலை; வாடையை அடக்குவது வேறொரு வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மாறலாமா வேண்டாமா, எதற்கு மாறுவது, எத்தனை நாள் பொறுப்பது என்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். அதனால் எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அக்குளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரே அலமாரி, இரண்டு வேலை

கடையில் ஒரே வரிசையில், ஒரே மாதிரி டப்பாவில் இருப்பதால் எல்லாவற்றையும் "டியோ" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவற்றில் இரண்டு வகை உண்டு. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று அச்சிட்டிருப்பது வியர்வைத் தடுப்பான். அதில் அலுமினிய உப்பு இருக்கும்: அலுமினியம் குளோரோஹைட்ரேட், அலுமினியம் சிர்கோனியம் என்று தொடங்கும் நீண்ட பெயர் ஒன்று, அல்லது அலுமினியம் குளோரைடு. இந்த உப்பு வியர்வையில் கரைந்து, வியர்வைக் குழாயின் மேல்வாய்க்குள் இறங்கி, அங்கே கூழ் போலத் திரண்டு அடைத்துக்கொள்கிறது. சுரப்பி பழுதாவதில்லை. குழாயின் வாய் மட்டும் தற்காலிகமாக அடைபடுகிறது. தோலின் மேற்செல்கள் உதிர்ந்து புதுப்பிக்கப்படும்போது, சில நாள்களில் அந்த அடைப்பும் கழன்றுவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருக்கிறது.

டியோடரன்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வியர்வையை அது தொடுவதில்லை. வாடையை உண்டாக்கும் கிருமிகளைக் குறைப்பது, வாடையை உறிஞ்சிக்கொள்வது, நறுமணத்தால் மூடுவது ஆகிய மூன்றில் ஒன்றையோ மூன்றையுமோ செய்யும். "இயற்கை டியோடரன்ட்" என்று விற்கப்படுபவை ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாம் வகைதான்.

அமெரிக்காவில் சட்டமே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உடலின் இயக்கத்தை மாற்றுவதால் வியர்வைத் தடுப்பான் அங்கே மருந்துக் கணக்கில் வருகிறது. டியோடரன்ட் வெறும் அழகுசாதனம். வியர்வைத் தடுப்பான் என்று பெயர் போட்டுக்கொள்ள, சோதிக்கப்படுகிறவர்களில் குறைந்தது பாதிப் பேருக்காவது வியர்வை 20 சதவீதம் குறைந்தால் போதும். கூடுதல் வலிமை என்று சொல்லிக்கொள்ள 30 சதவீதம் குறைய வேண்டும். ஆக, முழு உலர்வு என்பது விளம்பரம் நம் மனதில் பதித்த படமே தவிர, பழைய பொருளும் அதைத் தந்ததில்லை.

வியர்வைக்கு வாடை கிடையாது

நம் உடலில் 20 முதல் 40 லட்சம் எக்ரைன் சுரப்பிகள் இருக்கின்றன. உடல் சூடாகும்போது தண்ணீரும் உப்பும் கலந்த வியர்வையைத் தோலின் மேல் விட்டு, அது ஆவியாகும்போது உடலைக் குளிர்விப்பவை இவைதான். நெற்றியில் வழிவதும் உள்ளங்கையில் கசிவதும் இந்த வியர்வையே. இதற்குச் சொல்லும்படி வாடை இல்லை.

அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பியும் இருக்கிறது. அபோக்ரைன் சுரப்பி என்று பெயர். தொடையிடுக்கிலும் மார்புக்காம்பைச் சுற்றியும்கூட உண்டு. பருவ வயது வரை தூங்கிக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் விழிக்கும். சிறு பிள்ளைகள் எவ்வளவு ஓடியாடி வியர்த்தாலும் பெரியவர்களின் அக்குள் வாடை அவர்களிடம் வராததற்கு இதுதான் காரணம். அபோக்ரைன் சுரப்பி முடியின் வேர்ப்பைக்குள் திறக்கிறது. அதிலிருந்து வருவது கொஞ்சம் கெட்டியாக, புரதமும் கொழுப்பும் கலந்து இருக்கும். வெயிலைவிடப் பதற்றமும் பயமும்தான் அதைச் சுரக்க வைக்கும். நேர்முகத் தேர்வு நாளில் வரும் வாடை ஓட்டப்பயிற்சி நாளின் வாடையைவிடக் கடுமையாக இருப்பது இதனால்தான்.

அந்தச் சுரப்பும் வெளியே வரும்போது ஏறக்குறைய வாடையற்றதே. வாடையை உண்டாக்குவது தோலில் குடியிருக்கும் பாக்டீரியா. அக்குள் இருட்டு, கதகதப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்த இடம். கோரினிபாக்டீரியம் என்ற குடும்பமும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற குடும்பமும் அங்கே செழித்து வாழ்கின்றன. சுரப்பிலுள்ள பெரிய மூலக்கூறுகளை அவை உடைத்து உண்ணும்போது மிஞ்சும் சிறு துண்டுகள் ஆவியாகி மூக்கை எட்டுகின்றன. சில துண்டுகள் அமிலங்கள். புளித்த, ஆட்டு மந்தை போன்ற வாடை அவற்றுடையது. மற்றவை கந்தகம் சேர்ந்த தயோஆல்கஹால்கள். இவை மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

கந்தக வாடைக்கு முக்கியக் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற இனம். அது வாடையற்ற மூலப்பொருளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு நொதியால் வெட்டி, கந்தகத் துண்டை வெளியே தள்ளுகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்பதை 2020-ல் விளக்கினார்கள். இந்தத் திறனை அந்தப் பாக்டீரியாக்களின் மூதாதைகள் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டன என்றும் கணித்தார்கள். மனிதன் என்ற இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வாடை தொடங்கிவிட்டது! நம்மில் பலர் இதை ஏதோ சொந்தக் குறையாக, சுத்தமின்மையாக நினைத்துக் கூனிக் குறுகுகிறோம். அப்படி நினைக்க எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு அக்குள் வாடை மிகக் குறைவு. காதுக்குறும்பியும் ஈரப்பசை இல்லாமல் பொடிப்பொடியாக இருக்கும். காதுக்குறும்பிக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள உறவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆசியாவில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள். மற்ற பகுதிகளில் இது அரிது. பிரிட்டனில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 2 சதவீதப் பெண்களிடம் இந்த மாற்றம் இருந்தது. ஆனால் அவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் டியோடரன்ட் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தேவையைவிடப் பழக்கம் வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உங்கள் காதுக்குறும்பி உலர்ந்த பொடியாக இருந்தால், ஒரு நாள் எதுவுமே போடாமல் இருந்து பாருங்கள்.

அலுமினியத்துக்குப் பயந்தா மாறுகிறீர்கள்?

மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் உள்ள பயத்தால்தான் தொடங்குகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வரும், நச்சு வெளியேறாமல் உள்ளேயே தேங்கும், நிணநீர்க் கணுக்கள் அடைபடும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பயத்தால் மட்டும் மாறுகிறவர்கள் புதுப்பொருள் தோலை அரித்தால்கூட, "நல்லதுக்குத்தான்" என்று பொறுத்துக்கொண்டு இருப்பார்கள்.

முதலில் நச்சு. உடலின் கழிவுகளைச் சுத்தப்படுத்துவது கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அக்குளில் வியர்வை குறைந்தாலும் உடலின் மற்ற இடங்களில் லட்சக்கணக்கான சுரப்பிகள் வழக்கம்போல வேலை செய்கின்றன. வியர்வைச் சுரப்பிக்கும் நிணநீர்க் கணுவுக்கும் குழாய்த் தொடர்பே கிடையாது. ஒன்றை அடைத்தால் மற்றது தேங்கும் என்பதற்கு வழியில்லை.

அடுத்து புற்றுநோய். மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வு, வியர்வைத் தடுப்பானுக்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. சவரம் செய்த உடனே பூசியவர்களிடமும் வித்தியாசம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் தெளிவான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை என்றே சொல்கின்றன. தோல் வழியாக உள்ளே போகும் அலுமினியத்தின் அளவும் மிகச் சொற்பம். இரண்டு பேரை மட்டும் வைத்து 2001-ல் செய்த ஓர் அளவீட்டில், பூசியதில் சுமார் 0.012 சதவீதம்தான் உடலுக்குள் சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020-ல் எல்லாத் தரவுகளையும் பார்த்து, ரோல்-ஆன், ஸ்டிக் வகைகளில் அலுமினியம் 6.25 சதவீதம் வரையிலும், ஸ்பிரேயில் 10.60 சதவீதம் வரையிலும் பாதுகாப்பானதே என்று முடிவு சொன்னது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவர்களின் உடலால் அலுமினியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அமெரிக்காவில் விற்கப்படும் வியர்வைத் தடுப்பான்களில், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அந்த நோய் இருந்தால் இந்த வரியை அலட்சியப்படுத்த வேண்டாம்.

அப்படியானால் மாற என்ன காரணம் மிஞ்சுகிறது? நிறைய இருக்கிறது. அலுமினிய உப்பு புளிப்புத் தன்மை உள்ளது. சிலருக்கு எரியும், அரிக்கும். வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் கறை ஏறுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இயல்பாக வரும் வியர்வையை அடைக்க விருப்பமில்லை என்பதும் நியாயமான காரணம்தான். இப்படி ஒரு காரணத்தோடு மாறுகிறவர் நிதானமாகத் தேர்ந்தெடுப்பார். ஒத்துவராவிட்டால் குற்ற உணர்வின்றி விட்டுவிடவும் செய்வார்.

நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது

வியர்வைத் தடுப்பானை நிறுத்திய முதல் ஓரிரு நாள் பெரிதாக எதுவும் தெரியாது. பழைய அடைப்பு இன்னும் கொஞ்சம் இருக்கும். பிறகு அது உதிர, வியர்வை திரும்ப வரும். "முன்பைவிட அதிகமாக வியர்க்கிறதே" என்று தோன்றும். பல ஆண்டுகள் அடைபட்டிருந்த குழாய் திறந்ததால் அப்படித் தெரிகிறது. உங்கள் உடலின் இயல்பான அளவே அதுதான். நீங்கள் அதை மறந்துபோயிருந்தீர்கள்.

வாடையின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. அமெரிக்காவில் 17 பேரை 8 நாள் கவனித்து, 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வியர்வைத் தடுப்பான் போடுகிறவர்களின் அக்குளில் முதல் நாள் பாக்டீரியா மிகக் குறைவாக இருந்தது. எல்லோரையும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். சில நாள்களில் அவர்களுடைய பாக்டீரியா எண்ணிக்கை மற்றவர்களுக்கு இணையாக ஏறிவிட்டது. ஆனால் அங்கே குடியேறிய கூட்டம் வேறு. வழக்கமாக எதுவுமே போடாதவர்களிடம் கோரினிபாக்டீரியம் சராசரியாக 62 சதவீதமும் ஸ்டெஃபிலோகாக்கஸ் குடும்பம் 21 சதவீதமும் இருந்தன. தடுப்பான் போட்டுப் பழகி நிறுத்தியவர்களிடமோ ஸ்டெஃபிலோகாக்கஸ் குடும்பம் 60 சதவீதம், கோரினிபாக்டீரியம் 14 சதவீதம் மட்டுமே. பயிரை அகற்றிய நிலத்தில் முதலில் எந்தச் செடி முளைக்கிறதோ அதுவே சில காலம் ஆளுவது போலத்தான் இதுவும்.

மாறும் காலத்தில் வாடை நாளுக்கு நாள் மாறுவதாகப் பலர் சொல்வதை இதோடு பொருத்திப் பார்க்கலாம். இது எத்தனை நாளில் அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று டப்பாக்களில் சொல்கிறார்கள். ஒரு மாதம் நேர்மையாக முயன்று பார்க்கலாம் என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொண்டால் போதும். அது உடலின் விதி ஒன்றுமில்லை.

இந்தக் காலத்துக்கென்றே "அக்குள் டீடாக்ஸ்" என்று களிமண் பூச்சுகள் விற்கிறார்கள். அலுமினியத்தை வெளியே உறிஞ்சி எடுக்கும் என்பது அவற்றின் வாக்குறுதி. அடைப்பு தோல் செல்களோடு தானாகவே உதிர்கிறது. களிமண் அதை வேகப்படுத்தும் என்று நம்ப ஆதாரமில்லை. குளிர்ச்சியாக இருக்கிறதென்று பூசிக்கொண்டால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் விதம்

"இயற்கை" என்ற சொல்லுக்குச் சட்டப்படி வரையறை இல்லாத நாடுகளே அதிகம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட அழகுசாதனத்துக்கு அந்தச் சொல்லை வரையறுக்கவில்லை. எனவே முன்பக்கத்து இலைப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள்.

பெரும்பாலான ஸ்டிக்குகளின் உடம்பு மெழுகும் எண்ணெயும்தான்: தேன்மெழுகு, ஷியா வெண்ணெய், தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும்; அதனால் சூடான அறையில் ஸ்டிக் இளகிப்போவது சாதாரணம். அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஈரத்தை உறிஞ்ச ஆரோரூட் மாவோ சோள மாவோ சேர்த்திருப்பார்கள். இவை கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், வியர்வையை நிறுத்தாது.

வாடையோடு மோதுவது மற்ற சில பொருள்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது சமையல் சோடா என்கிற சோடியம் பைகார்பனேட். அது காரத்தன்மை உள்ளது. புளித்த வாடைக்குக் காரணமான அமிலங்களை நடுநிலையாக்கும். நன்றாகவே வேலை செய்யும். சிக்கலும் அங்கேதான். தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பு. புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் என்ற அளவுகோலில் (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) அது 5-ஐ ஒட்டி இருக்கும். சமையல் சோடாக் கரைசலின் பிஎச் 8-க்கு மேல். நாள்தோறும் பூசும்போது தோலின் காப்புப் படலம் கலைந்து சிவப்பும் எரிச்சலும் வருவது பலருக்கு நடக்கிறது. முதல் வாரம் ஒன்றும் ஆகாமல் இருந்து மூன்றாம் வாரம் திடீரென்று வரலாம். மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எரிச்சல் ஆறினாலும் அந்த இடம் கருத்துப்போய், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். "உடம்பு பழகுகிறது" என்று எரிச்சலைச் சகித்துக்கொள்ளச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

தோல் மென்மையானவர்கள் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்ததைத் தேடலாம். வயிற்றுப் புளிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளில் உள்ள அதே பொருள். காரம் அதிலும் உண்டு. ஆனால் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரைவதால் தோலை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஜிங்க் ஆக்சைடு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், எரிச்சலையும் தணிக்கும். ஜிங்க் ரிசினோலியேட் வாடை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதற்கு நேரெதிரான வழியில் போவது அமில வகை. கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக் என்று பெயரில் ஆசிட் இருக்கும். அக்குளின் பிஎச்சைக் குறைத்து, பாக்டீரியாவுக்கு அந்த இடத்தைப் பிடிக்காமல் செய்வது இதன் நோக்கம். சவரம் செய்த கையோடு பூசினால் சுரீரென்று எரியும். ஓர் இரவு விட்டுப் பூச வேண்டும்.

வாசனை எண்ணெய்கள் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. லாவெண்டர், டீ ட்ரீ, எலுமிச்சைத் தோல் எண்ணெய் எல்லாம் செடியிலிருந்து வந்தவைதான். ஆனால் அவற்றிலுள்ள லினலூல், லிமோனீன் போன்றவை காற்றுப்பட்டு மாறும்போது தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒவ்வாமை உள்ளவர்கள் வாசனையே சேர்க்காததை வாங்குவது நல்லது.

படிகாரக் கட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "அலுமினியம் இல்லாதது" என்ற நினைப்பில் பலர் இதை வாங்குகிறார்கள். படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அலுமினியம் அதிலேயே இருக்கிறது. அது குழாயை அந்த அளவுக்கு அடைப்பதில்லை, பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துகிறது, விலையும் குறைவு. எனவே நல்ல பொருள்தான். அலுமினியத்தைத் தவிர்ப்பதே உங்கள் நோக்கமென்றால் மட்டும் அது உங்களுக்கானது அல்ல.

எப்படித் தொடங்குவது

முக்கியமான கூட்டமோ பயணமோ திருமணமோ இல்லாத ஒரு வாரத்தில், முடிந்தால் குளிர்ந்த பருவத்தில் தொடங்குங்கள். புதியதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் அக்குளுக்குப் போகலாம்.

இந்த மாற்றத்தில் நல்ல டியோடரன்டைவிட அதிகம் உதவுவது சோப்பும் துண்டும்தான். பழைய பொருள் வியர்வையை அடைத்ததால் அக்குளை ஏனோதானோவென்று கழுவினாலும் நாள் ஓடிவிட்டது. இனி அப்படி ஓடாது. காலையில் சோப்பு நுரை அக்குளில் அரை நிமிடமாவது நிற்கும்படி தேய்த்துக் கழுவுங்கள். இரவிலும் ஒருமுறை கழுவுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து, ஈரம் முழுக்கப் போன பின் பூசுங்கள். ஈரத்தோலில் எதைப் பூசினாலும் அது வழுக்கிச் சட்டையில்தான் ஒட்டும். கொஞ்சமாகப் பூசினால் போதும்; அழுத்தித் தேய்த்தால் எண்ணெய்க் கறைதான் மிச்சம். மதியம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பூச நேரலாம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். இந்த வகைப் பொருளின் இயல்பே அதுதான். அக்குள் முடி நீளமாக இருந்தால் சுரப்பும் பாக்டீரியாவும் தங்க இடம் கூடுகிறது; கத்தரித்துவிட்டால் கழுவுவது எளிது. மழிப்பது கட்டாயமில்லை.

சோப்பால் அடங்காத வாடைக்கு, முகப்பருவுக்குப் பயன்படும் பென்சாயில் பெராக்சைடு வாஷைத் தோல் மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஓரிரு நிமிடம் வைத்துக் கழுவிவிட வேண்டும். வண்ணத் துண்டையும் சட்டையையும் அது வெளுத்துவிடும், கவனம். வறண்டு எரிந்தால் நாள் விட்டு நாள் போடுங்கள்.

வீட்டிலேயே சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுவது, எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். சோடாவின் கதையைப் பார்த்துவிட்டோம். எலுமிச்சைச் சாறு மிகக் கடுமையான அமிலம். அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து, கருந்தழும்பே நின்றுவிடக்கூடும்.

சட்டைக்கும் பங்கு உண்டு

உடம்பைக் கழுவியும் மதியத்துக்குள் வாடை வந்தால் சட்டையைச் சந்தேகப்படுங்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை சைக்கிள் உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களின் சட்டைகளைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். பருத்திச் சட்டையைவிடப் பாலியெஸ்டர் சட்டையில் வாடை தெளிவாக அதிகம். மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியெஸ்டரில் செழிப்பதும் தெரிந்தது. எண்ணெய்ப்பசை உள்ள வாடைப் பொருள்களும் செயற்கை இழையில் இறுகப் பற்றிக்கொள்கின்றன. துவைத்த சட்டை உலர்ந்திருக்கும்போது மணமாக இருந்து, உடம்புச் சூடு பட்ட பத்தாவது நிமிடத்தில் பழைய வாடையை வெளியே விடுவது இதனால்தான்.

அக்குள் பகுதியை வெளிப்புறமாகத் திருப்பி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவைத்து, முழுக்கக் காயவிடுங்கள். வினிகரையும் குளோரின் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். மாறும் மாதத்தில் முடிந்தவரை பருத்தி அணியுங்கள். எதற்கும் அடங்காத பழைய சட்டை ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

எல்லோருக்கும் இது தேவையில்லை

காரணமே இல்லாமல், குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் சட்டை சொட்டச் சொட்ட நனைகிறவர்கள் இருக்கிறார்கள். மிகைவியர்வை என்ற மருத்துவச் சிக்கல் அது. அவர்களுக்கு அலுமினிய உப்பு மருந்து. அதை விடச் சொல்வது தவறு. கடையில் கிடைப்பது போதாவிட்டால், அலுமினியம் குளோரைடு கூடுதலாக உள்ள கரைசல், பொட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி என்று தோல் மருத்துவரிடம் வழிகள் உண்டு. வாடை ஒரே வாரத்தில் அடியோடு மாறினாலோ, அக்குளில் பழுப்புத் திட்டு, கட்டி, ஆறாத அரிப்பு வந்தாலோ டியோடரன்டை மாற்றிக்கொண்டே நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராம் எடுக்கும் நாளில் எந்த வகையையும் பூச வேண்டாம். அலுமினியம் மட்டுமல்ல, இயற்கை வகைகளிலுள்ள ஜிங்க்கும் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும்.

இரண்டையும் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. சாதாரண நாளில் டியோடரன்ட், மேடையேற வேண்டிய நாளில் வியர்வைத் தடுப்பான் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் தடுப்பானை அன்று காலையில் அவசரமாகப் பூசுவதில் பயன் குறைவு. முந்தைய ஓரிரு இரவுகளில், வியர்வை அடங்கியிருக்கும் நேரத்தில், உலர்ந்த தோலில் பூசிவிட்டுத் தூங்குங்கள். காலையில் குளித்தாலும் அடைப்பு அப்படியே இருக்கும். இரண்டு மூன்று நாளில் தானாக உதிரத் தொடங்கியதும் மறுபடி டியோடரன்டுக்குத் திரும்பிக்கொள்ளலாம்.